சுவிட்சைக் கொன்றது யார்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்துவிட்டால் பேட்டைவாசிகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாங்களும் புறப்பட்டுவிட்டோம். உம்மா, மனைவி, பிள்ளைகள் மூவர், ஈரத் துணிமூட்டை, வாங்கிய மங்குஸ்தான் பழங்கள் என்று வண்டி நிறைந்திருந்தது. திரும்பும் வழியில் ஆலங்குளத்தில் மஃரிப் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். அன்று தென்காசிச் சாலை இன்றுபோல் நான்கு வழியாக விரிந்திருக்கவில்லை. சீதபற்பநல்லூரை நெருங்கும் வேளை, எதிரே வந்த பேருந்துக்காக ஹெட்லைட்டை டிம் செய்தேன். பேருந்து கடந்து போயிற்று. அடுத்த கணம் எனக்கு முன்னால் சாலையே இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். எத்தனை நொடிகள் அந்த இருட்டில் ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்து, சாலையின் இடது விளிம்பில் சக்கரம் மண்ணைத் தொட்டதை உணர்ந்து நிறுத்தியபோது, உம்மா பின்னால் வாய்விட்டு ஓதிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபதடி தள்ளி, பின்விளக்கு இல்லாத ஒரு வைக்கோல் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அதை நான் பார்த்தது எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில்தான்.

சுவிட்சை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. தற்செயலாக, முந்திச் செல்வதற்குச் சைகை காட்ட நாம் இழுக்கும் அந்தப் பிடியை இழுத்தேன். பளிச்சென்று இரண்டு விளக்குகளும் எரிந்தன! விட்டால் அணைந்தன. ஒரு விரலால் அந்தப் பிடியை இழுத்துப் பிடித்தபடியே பழைய பேட்டை வரை வந்து சேர்ந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னை ஏசியிருப்பார்கள். ஏனெனில் அந்தப் பிடி தருவது பிரைட் வெளிச்சம் மட்டுமே. கண் கூசுகிறதே என்று விரலை எடுத்தால் எனக்கு இருட்டு.

வீடு வந்ததும் நான் அறிய வேண்டியிருந்த பாதிச் செய்தியை அந்தப் பிடியே சொல்லிவிட்டது என்பதை, அன்று நான் உணரவில்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சைகைப் பிடிக்கு மின்சாரம் தனி வழியில் வருகிறது. ஆகவே அதை இழுத்து விளக்கு எரிந்தால் பல்புகள் உயிரோடு இருக்கின்றன, பல்பு வரை செல்லும் பிரைட் வயர் அறுந்துவிடவில்லை என்று பொருள். பழுது ஹெட்லைட் சுவிட்சிலோ, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழியிலோதான் இருக்க முடியும். ஒரு கருவியும் இல்லாமல், நடுச்சாலையில், ஒரு விரலால் செய்துவிடக்கூடிய சோதனை இது.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். “சுவிட்சு போச்சு பாய்” என்றார்கள். புதுச் சுவிட்சு மாட்டினார்கள், விளக்கு எரிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தே வாரத்தில் மீண்டும் அதே கதை. “கம்பெனி சாமான் இல்லை, அதான்” என்று கூறி இன்னொன்று மாட்டினார்கள். இரண்டு மாதம் ஓடிற்று. பிறகு, ஓட்டத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் விளக்கு அணைவதும், சற்று நேரம் நிறுத்திவிட்டுப் போட்டால் எரிவதுமாக ஆயிற்று. என் மனைவிதான் ஒருநாள், “டேஷ்போர்டுப் பக்கம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வருதே, உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் பழகிய மூக்குக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் முறை நான் போனது ஒரு மூத்த ஆட்டோ எலக்ட்ரீசியனிடம். நம்மூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, தொழிற்பேட்டைப் பக்கம் சிறிய கொட்டகை போட்டிருப்பவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, நான் நான்காவது சுவிட்சைப் பற்றிப் பேச்செடுத்தபோது கையமர்த்தினார்.

“சுவிட்சு செத்தது நெசந்தான் பாய். மூணு சுவிட்சு செத்திருக்கு. கொன்னது யாருன்னு ஒருத்தரும் பார்க்கலையே!”

“பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பேட்டை தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறிக்காரர் துணியைக் கழற்றி எறிவதில்லை. விரலை ஓட்டிக்கொண்டே போய் அறுந்த இடத்தைக் காண்பார், முடிச்சிடுவார், மீண்டும் நெய்வார். அண்ணாச்சி செய்ததும் அதுவே. அவர் விரலுக்குப் பதிலாக ஓடியது மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகள்.

அவர் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, டிம் விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால், வயரில் ஒரே ஒரு செம்பிழை மிச்சமிருந்தாலும் முழுசாக 12 வோல்ட் காட்டும். மூடிய குழாயில் தண்ணீரின் அழுத்தம் முழுமையாகத் தெரிவதைப் போன்றது அது; திறந்தால்தானே குழாய்க்குள் அடைப்பு இருப்பது தெரியவரும்? மின்சாரம் ஓடினால்தான் அது எங்கே இழக்கப்படுகிறது என்பது புலப்படும். மீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இதனாலேயே பழைய தொழிலாளிகள் பலர் இன்றும் மீட்டரைக் காட்டிலும், இரண்டு வயரில் ஒரு 21 வாட் பல்பை ஈயம் வைத்துப் பற்றிய டெஸ்ட் லாம்பையே விரும்புகிறார்கள். அந்தப் பல்பு மின்சாரத்தை உண்மையாகவே குடித்துப் பார்க்கும், பொய் சொல்லாது.

பாட்டரியின் இரு முனைகளில் அளந்தபோது 13.8 வோல்ட் இருந்தது. எஞ்சின் ஓடும்போது இருக்க வேண்டிய அளவுதான். பல்பின் இரு முனைகளில் 10.6 வோல்ட்டே இருந்தது. வழியில் 3.2 வோல்ட் காணாமற் போயிருந்தது. அடுத்து, ஓர் ஊசியைப் பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மற்றொன்றைப் பல்புக்கு மின்சாரம் வரும் முனையிலும் வைத்தார்: 1.9 வோல்ட். பல்பின் எர்த் முனைக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே: 1.3 வோல்ட். கணக்கு நேரானது. போகும் வழியில் அரை வோல்ட்டுக்கு மேலும், திரும்பும் எர்த் வழியில் 0.2 வோல்ட்டுக்கு மேலும் இழப்பு இருந்தால் அங்கே நோய் இருக்கிறது என்பது அவருடைய அளவுகோல்.

திரும்பும் வழி என்பதை நம்மில் பலர் நினைப்பதே இல்லை. பல்புக்கு மின்சாரம் வருவதை மட்டுமே கவனிக்கிறோம். வந்த மின்சாரம் வண்டியின் உடற்தகடு வழியாகப் பாட்டரிக்குத் திரும்பிப் போனால்தான் விளக்கு எரியும். என் வண்டியில் வலப்பக்க விளக்குக்குப் பின்னால், கறுப்பு எர்த் வயர்களை உடற்தகட்டோடு பிணைக்கும் ஒரு போல்ட் துருவேறி, பெயிண்டும் சேறும் படிந்து கிடந்தது. அந்த மழைக்கால ஈரமெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும் போலும்.

அண்ணாச்சி பல்பைக் கழற்றினார். அதன் அடியில் பொறித்திருந்ததைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பு! பியூஸ் பெட்டியைத் திறந்தார். 15 ஆம்பியர் பியூஸின் இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு செம்புக் கம்பி முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கின் கீழ்ப்பலகையைக் கழற்றியபோது, சுவிட்சுக்குச் செல்லும் கப்ளர் காப்பிக் கொட்டை நிறத்தில் வெந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு வயர்களின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. என் பிள்ளைகள் அந்தப் பலகைக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துதான் அத்தனை நாளும் பள்ளிக்குப் போய் வந்தார்கள்.

இனிக் கதையைப் பின்னோக்கிச் சொல்வது எளிது. நான் அந்த வண்டியைப் பழையதாக வாங்கினேன். முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே அந்தப் போல்ட் துருப்பிடித்துவிட்டது. விளக்கு மங்கிற்று. மங்குகிறதே என்று பெரிய பல்பு போட்டார். இரண்டு 55 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். 90 வாட் பல்புகளோ 15 ஆம்பியர் கேட்கும். அந்த அளவைத் தாங்காமல் பியூஸ் எரிந்தது. பியூஸ் எரிகிறதே என்று கம்பியைச் சுற்றினார். இனி எரிய வேண்டியது எது? சுவிட்சுதான். அதன் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் அரைக் கட்டைவிரல் அகலம்கூட இல்லாதவை. சுவிட்சிலும் அதன் கப்ளரிலும் மட்டும் 1.1 வோல்ட் இழப்பு இருந்தது. ஓடிய மின்சாரம் 14 ஆம்பியர் அளவு என்று கொண்டால், 15 வாட் வெப்பம் அந்தச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் விடாமல் எழுந்துகொண்டிருந்தது. ஈயப்பற்று வைக்கும் சிறிய இரும்பு ஒன்றை உள்ளே சொருகி வைத்தது போலத்தான். சூடேறியதும் நாக்கு தளர்ந்து தொடர்பு விடும், ஆறியதும் கூடும். பத்து நிமிடத்தில் அணைந்து மீண்டும் எரிந்த மர்மம் அதுவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை பெரிய பல்பைப் போட்டும் வெளிச்சம் கூடியிருக்கவில்லை. இழைப் பல்புகளில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். 13 வோல்ட்டுக்கு மேல் கிடைக்க வேண்டிய இடத்தில் 10.6 வோல்ட் மட்டுமே கிடைக்கும் பல்பு, தன்னுடைய ஒளியில் பாதிகூடத் தராது. ஆக, 90 வாட் பல்பு செம்மஞ்சளாய் அழுது வடிந்துகொண்டிருந்தது. மிச்ச மின்சாரம் வயர்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

வைத்தியம் ஒரு முற்பகலில் முடிந்தது. அண்ணாச்சி பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். டேஷ்போர்டுக்குள் கைவிடும் எவரும் இதை மறக்கலாகாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, தகடு வெள்ளையாகப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். வெந்த கப்ளரை வெட்டி எறிந்து புதியது வைத்தார். உருகிய வயர்களை மாற்றினார். 60/55 வாட் பல்புகளும் முறையான பியூஸ்களும் போட்டார். இறுதியாக, டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்களைப் பொருத்தினார்.

ரிலேயைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாயின் மதகைத் திறப்பவர் ஆற்று நீரைத் தோளில் சுமப்பதில்லை. திருகைச் சுற்றுகிறார், நீர் தன் வழியே போகிறது. ரிலேயில் சுவிட்சின் வேலையும் அவ்வளவே. சுவிட்சு வழியாக ஓடுவது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அது ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் உள்ளே ஒரு தடித்த நாக்கை இழுக்கிறது. விளக்குக்கான பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து, தனக்குரிய பியூஸைக் கடந்து, சுவிட்சைத் தொடாமல் நேரே பல்புக்குப் போய்விடுகிறது. ரிலேயின் அடியில் உள்ள எண்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. 30 என்பது பாட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குப் போவது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். வேலை முடிந்ததும் பல்பில் அளந்தார்: 13.3 வோல்ட். அன்று இரவு, சேரன்மகாதேவிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, 55 வாட்டில் கண்ட வெளிச்சத்தை நான் 90 வாட்டில் கண்டதில்லை.

ஒரு காலத்தில் நம் சாலைகளை ஆண்டது அம்பாசடர். 1950-களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் தயாராகத் தொடங்கி 2014-இல் நின்றுபோன அந்த வண்டியின் பழைய வகைகளில், டிம் சுவிட்சு ஓட்டுநரின் இடது காலுக்கடியில், தரைத்தகட்டில் இருந்தது. மழைச்சேறு பட்ட செருப்போடு மிதித்து மிதித்து, ஈரம் இறங்கி அது துருப்பிடிக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், ஓட்டுநர்கள் சுவிட்சை நாலு மிதி மிதித்துவிட்டுப் போவார்கள்! அவற்றின் வயரிங் பிரிட்டிஷ் முறையில் அமைந்தது. நீல வயர் டிம் சுவிட்சுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு, கறுப்பு எர்த்துக்கு. இந்த நான்கும் தெரிந்திருந்தால் பாதி வயரிங் கைக்குள் அடங்கிவிடும். அந்த நிற முறையைப் பரப்பியது பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம். அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸ் மண்ணெண்ணெய் விற்று, பிறகு விளக்குகள் செய்யத் தொடங்கியவர். விளக்கு செய்தவரையே பிற்கால வண்டிக்காரர்கள் ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்தார்கள். அந்த லூகாஸோடு டி.வி.எஸ். குழுமம் கைகோத்து, 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை உருவாயிற்று. அக்குழுமத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவூட்டுவது பிழையாகாது.

வாசகர்கள் தம் வண்டியில் தாமே பார்க்கத்தக்கவை சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சைப் பழிக்காதீர்கள். பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்துப் பியூஸ், அந்தப் பக்கத்து எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் டிம் இல்லை, பிரைட் இருக்கிறது என்றால் பெரும்பாலும் டிம் சுவிட்சுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு டிம் இழை மாதக்கணக்கில் எரியாமலிருந்து, நாம் கவனிக்காமல் ஓட்டி, இன்றைக்கு மற்றதும் போயிருக்கலாம். ஆகவே பல்பை முதலில் பாருங்கள். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தாலோ, டிம் போடும்போது பிரைட் இழையும் மங்கலாய்க் கனன்றாலோ, அது எர்த்தின் கோளாறு. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அடுத்தவர் வீட்டு வாசல் வழியாக நுழைகிறது. விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, பிறகு அணைத்துவிட்டுக் கப்ளர்களைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே தேடுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஜப்பானிய முறையில் அமைந்த சில வண்டிகளில் சுவிட்சு எர்த்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். பல்பில் எப்போதும் பாசிட்டிவ் நிற்கும். தெரியாமல் சோதித்தால் எல்லாமே தலைகீழாகத் தோன்றும். அண்மைக்கால வண்டிகளிலோ சுவிட்சு ஒரு கணிப்பெட்டிக்குச் செய்தி சொல்வதோடு சரி. விளக்கை எரிப்பது அந்தப் பெட்டி. அங்கே டெஸ்ட் லாம்பைக் கொண்டு வயர்களைக் குத்தினால், ஒரு பல்பின் பழுது பெட்டியின் பழுதாகிவிடும். அவற்றை உரிய கருவி உள்ளவரிடம் விட்டுவிடுவதே முறை.

எரிந்த பியூஸைக் கண்டதும் கம்பி சுற்றும் வழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பியூஸ் இருப்பது விளக்கைக் காக்க அன்று, வயரைக் காக்க. அது சாகாவிட்டால் வயர் எரியும். வயர் எரிந்தால் வண்டி எரியும். அவசரத்திற்கு வேறு பியூஸ் இல்லையென்றால், ஹாரனுக்கோ வைப்பருக்கோ உள்ள அதே அளவுப் பியூஸைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வீடு சேருங்கள்.

சட்டமும் விளக்கை இலேசாக எண்ணவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததும் முன்விளக்குகள் எரிய வேண்டும் என்றும், அவற்றின் ஒளியில் முன்னே 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் கூறுகின்றன. எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க, விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கமும் நமக்குத் தெரிந்ததே. அந்தப் பொட்டை ஒட்டிக்கொண்டு உள்ளே 100 வாட் பல்பு வைத்திருப்பவர்களை என்ன சொல்வது? நானே ஓராண்டு, அறியாமல், அப்படி ஓட்டினேன்.

புறப்படும்போது அண்ணாச்சி அந்தப் பழைய போல்ட்டை என் கையில் கொடுத்தார். நாலணாக் காசளவுகூட இல்லை அதன் தலை. “இதுக்கு நீங்க மூணு சுவிட்சு வாங்கிக் குடுத்திருக்கீங்க பாய்” என்றார். வீட்டில் உம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தத் துரும்பா அன்னைக்கு நம்மள டிராக்டர்ல கொண்டு மோத விட்டிருக்கும்?” என்று கேட்டார்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், பாட்டரியின் முனைகளில் பூக்கும் அந்த வெள்ளைப் பொடியைப் பற்றி எழுதுகிறேன்.